வீட்டுக்காரிக்கு ஒரு ரேஸ் பெல்ட்

அந்த ஓட்டைகளைத்தானே கேட்கிறீர்கள்? நீங்கள் கார் மிதியடியைத் தூக்கிப் பார்த்தபோதே நினைத்தேன், கேட்பீர்கள் என்று. துரு இல்லை சார். இடித்து விழுந்ததும் இல்லை. நானே துளை போட்டது. தரையில் நான்கு, கதவுத் தூண்களில் இரண்டு. எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி போட்டிருக்கிறேன், தண்ணீர் ஏறாது. ஏறி உட்காருங்கள், ஓட்டிப் பார்த்துக்கொண்டே பேசலாம். காரை விற்கிறவன், வாங்க வந்த உங்களிடம் ஒளிக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்காரியும் பின்னால் வருகிறாள், ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள். நான் கூப்பிடவில்லை. "வர்றவருதான் ஓட்டிப் பார்க்கறாருங்களா? அப்ப நானும் ஒரு எட்டு வர்றனுங்க" என்று புடவை மாற்றிக்கொண்டு அவளே வந்து ஏறிவிட்டாள். ஐந்து மாதமாக இந்தக் காரின் கதவைத் தொடாதவள். எனக்கே ஆச்சரியம்தான். நல்ல சகுனம் என்று வைத்துக்கொண்டேன்.

கேட்டைத் தாண்டி இடது பக்கம். திருச்சி ரோடு பிடித்து ஒண்டிப்புதூர் வழியாக சூலூர் வரைக்கும் போய்த் திரும்பலாம். கிளட்ச் கொஞ்சம் உயரத்தில் பிடிக்கும், பழகிவிடும். என்ன அம்மணி? ... சரி, சரி. உங்களை ரோட்டைப் பார்த்து ஓட்டச் சொல்கிறாள், என்னைப் பேச்சைக் குறைக்கச் சொல்கிறாள். அவள் அப்படித்தான்.

நான் சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன் சார். பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறோம். முப்பத்திரண்டு வருஷம். எங்கள் தொழிலில் ஒன்று உடைந்து வந்தால் முதலில் பாகத்தைத்தான் பார்ப்போம். எங்கே விட்டது, ஏன் விட்டது, தடிமன் போதவில்லையா, பொருள் சரியில்லையா. ஆளைத் திட்டி என்ன பயன்? பாகத்தைச் சரி செய்தால் வேலை முடிந்தது. இந்தப் புத்திதான் எனக்கு. நல்லதோ கெட்டதோ தெரியவில்லை. இப்போதெல்லாம் அதையும் யோசிக்கிறேன்.

போன வருஷம் மகளைத் தாராபுரத்தில் கட்டிக் கொடுத்தோம். மௌனிகா என்று பெயர், ஒரே பெண். கல்யாணம் முடிந்து சம்பந்தி வீட்டில் விருந்து. விருந்து என்றால் சாதாரண விருந்தா? இலையில் மூன்று இனிப்பு, பருப்புக்கு நெய்யைக் கவிழ்த்தார்கள், கடைசியில் தயிரோடு இன்னொரு கரண்டி சோறு. மாட்டேன் என்றால் கோபித்துக்கொள்வார்கள். சாப்பிட்டு எழுந்து உடனே கிளம்பினோம். மணி இரண்டரை இருக்கும். குண்டடம் தாண்டி அந்தக் காற்றாலைகள் வருமே, ரோடு நேராக, இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லாமல்? அங்கே ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது.

நாய்தானே அம்மணி? ... நாய்தான் சார். செவலை நாய்.

ஒடித்தேன். கார் சாலையை விட்டு இறங்கிப் புளியமரத்தில் ஓரமாக மோதி நின்றது. பம்பர் போனது, ஒரு விளக்கு போனது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவளுக்குக் காறை எலும்பு உடைந்துவிட்டது. டாக்டர் சொன்னார், "பெல்ட் போட்டிருந்ததாலதான் இதோட போச்சு. இல்லேன்னா கதையே வேற." அவர் சொன்னது அவர் கணக்கு. நான் என் கணக்கைப் பார்த்தேன். ஏன் அவளுக்கு மட்டும் உடைந்தது? இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பெல்ட்தானே?

யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன். மோதிய நேரத்தில் இவள் நேராக உட்கார்ந்திருக்கவில்லை. என் பக்கமாக முழுக்கச் சாய்ந்திருந்தாள். கை என் தோள்மேல் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த நேரத்தில் என் தோளில் இவளுக்கு என்ன வேலை என்று தெரியவில்லை. பயணத்தில் இவளால் சும்மா இருக்க முடியாது. என்னைத் தொடுவாள், காதைப் பிடித்துத் திருகுவாள், தண்ணீரைத் தொட்டு என் கழுத்தில் தடவுவாள். இஞ்சி மிட்டாய் பிரித்து வாயில் திணிப்பாள். "முன்னாடி போற லாரி நம்பரைக் கூட்டுனா என்னங்க வருது?" என்பாள். "உங்க பெரியப்பாவுக்கு எத்தனை பேரன், பேரெல்லாம் வரிசையாச் சொல்லுங்க பார்க்கலாம்" என்பாள். வீட்டில் ஒரு வார்த்தை அதிகம் பேசாதவள், காரில் ஏறிவிட்டால் வாய் ஓயாது. பெண்கள் சிலர் அப்படி.

விஷயம் என்னவென்றால், அப்படிச் சாய்வதற்கு அந்த பெல்ட் விட்டுக்கொடுத்திருக்கிறது. இழுத்தால் வருகிறது, விட்டால் போகிறது. ஒரு மனுஷியை இருந்த இடத்தில் இருத்தி வைக்காத பெல்ட் என்ன பெல்ட்? அங்கேதான் பழுது என்று முடிவு செய்தேன்.

சார், நாற்பதுக்கு மேல் போகமாட்டீர்களா? இல்லை, உங்கள் இஷ்டம். வண்டி எண்பதில் நன்றாகப் போகும் என்று சொல்ல வந்தேன்.

அந்த மாதம் செட்டிபாளையத்தில் கார் ரேஸ். பட்டறைக்கு வருகிற ஒரு பார்ட்டி பாஸ் கொடுத்தார். என் கண் முன்னால் ஒரு வண்டி மூன்று தடவை உருண்டது சார். மூன்று தடவை! தூசி அடங்கியதும் உள்ளே இருந்தவன் பெல்ட்டைத் தட்டிவிட்டு இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு நடந்து போனான். கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டு தோளிலும் இரண்டு வார், இடுப்புக்கு இரண்டு வார், எல்லாம் வயிற்றின்மேல் ஒரு பூட்டில் வந்து சேருகிறது. விரல் நுழையாது. இதுதான் என்று உடம்பெல்லாம் சொன்னது எனக்கு.

ரேஸ் வண்டிகளுக்கு வேலை செய்கிற ஜெரோம் என்று ஒருவர், இருகூர் ரோட்டில் ஷெட். நல்ல கைக்காரர். அவரிடம் போனேன். கேட்டதும் சிரித்துவிட்டார்.

"ஏனுங்ணா, எந்தப் போட்டிக்குங்க?"

"போட்டி இல்லீங்க. வீட்டுக்காரிக்கு."

"அக்கா ரேஸ் ஓட்டறாங்களா?"

"பக்கத்துல உக்காருவா."

சிரிப்பை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். நல்லவர்தான். "அண்ணா, அந்த பெல்ட்டு தனியா வேலை செய்யாதுங்க. மேல இரும்புக் குழாய்க் கூண்டு இருக்கோணும். நம்ம வண்டி கூரை அமுங்குச்சுன்னா, சாதா பெல்ட்டுல ஆள் சாஞ்சுக்கலாம். இதுல தலையக் குனியக்கூட முடியாது, நிமிந்த வாக்குலயே இருக்கோணும். தோள் வாரைத் தரையில கட்டுனீங்கன்னா முதுகெலும்ப நசுக்கிப் போடும். சீட்டும் மாத்தோணும். அதையும் விடுங்க. ரேஸ்காரன் முன்னாடி மட்டும் பார்த்தாப் போதும். ரோட்டுல போறவனுக்கு நாலு பக்கமும் பார்க்கோணும், கை நீட்டோணும், திரும்போணும். வேண்டாங்ணா. கம்பெனிக்காரன் குடுத்த பெல்ட்டே போதும்."

மாட்டித் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் எனக்கு எது காதில் ஏறியது தெரியுமா? தரையில் கட்டக் கூடாது. அவ்வளவுதான். ஆக, தரையில் கட்டாவிட்டால் சரி. இப்படித்தான் நான் ஒரு விஷயத்தைக் கேட்பது. பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன், அன்றைக்கு அவர் சொன்ன மீதியை ஏன் விட்டேன் என்று.

பெல்ட்டை வேறொருவர் மூலமாக வரவழைத்தேன். சிவப்பு நிறம். பற்றவைத்த மூட்டு இல்லாத இரும்புக் குழாய் எடுத்து, முன் சீட்டுகளுக்குப் பின்னால், தூணுக்குத் தூண் ஒரு குறுக்குக் கம்பி, தோள் உயரத்துக்கு. அடியில் ஆறு மில்லிமீட்டர் தகடு வைத்து போல்ட். என் பட்டறையில் இருந்த நாலு பேரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சங்கிலி போட்டு இழுத்துப் பார்த்தேன். கார்தான் மேலே எழும்பியது, கம்பி அசையவில்லை. சொல்லக் கூடாது, ஆனால் நான் செய்த வேலைகளிலேயே சுத்தமான வேலை அது.

இரண்டு பக்கமும் மாட்டினேன். என் பக்கத்தை இரண்டே நாளில் கழற்றிவிட்டேன். சந்திப்பில் திரும்பிப் பார்க்க முடியவில்லை, கீழே விழுந்த சாவியை எடுக்க முடியவில்லை. ஓட்டுகிறவனுக்கு அசைவு வேண்டும் இல்லையா? பக்கத்தில் உட்காருகிறவருக்கு என்ன வேலை?

முதல் நாள் இவளை உட்கார வைத்தது ஒரு பெரிய கூத்து. தோள் வார் புடவைத் தலைப்பைக் கசக்குகிறது. தாலிக்கொடி அடியில் மாட்டிக்கொண்டு உறுத்துகிறது. இழுத்து இறுக்குகிறேன், "ஏனுங்க, சந்தைக்குக் கோழி கட்டற மாதிரி கட்டறீங்க, மூச்சு உட எடம் வைங்க" என்கிறாள். இன்னும் ஒரு இழுப்பு. "ராக்கெட் எத்தனை மணிக்குங்க கெளம்புது?" என்றாள். நானும் சிரித்துவிட்டேன். சிக்னலில் ஆட்டோக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, "அக்கா, கப்பு வாங்கீட்டு வந்துருங்க!" என்றார். அவருக்கு இவள் கையை ஆட்டினாள். கை மட்டும்தானே ஆடும்.

எனக்கு நிம்மதியாக இருந்தது சார். உண்மையாகச் சொல்கிறேன். திரும்பிப் பார்த்தால் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இனி இவளுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றியது. எலும்பு உடைந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். அந்த மாதிரி இன்னொரு நாள் வேண்டாம். அதற்காகத்தான் இத்தனையும். அதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை.

அங்கே பஸ் நிற்கிறது பாருங்கள், முந்திப் போய்விடலாம். ... சரி, அது போகட்டும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் மௌனிகா உண்டாகியிருக்கிறாள் என்று போன் வந்தது. அன்றைக்கே பழம், இனிப்பு வாங்கிக்கொண்டு தாராபுரம் போனோம். சம்பந்தி வீட்டில் மறுபடியும் அதே மாதிரி இலை. சந்தோஷச் செய்தி வேறு, கேட்க வேண்டுமா? சாப்பிட்டுக் கிளம்பினோம். குண்டடத்தில் இவள், "டீ குடிச்சிட்டுப் போலாமுங்க" என்றாள். வேண்டாம், நேரமாகும் என்றேன். "மூஞ்சியாச்சும் கழுவீட்டு வாங்க" என்றாள். என் மூஞ்சிக்கு என்ன என்றேன். தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனாள், அது கால் பக்கம் உருண்டுவிட்டது. குனிய முடியவில்லை. விடு, வீட்டுக்குப் போய்க் குடித்துக்கொள்ளலாம் என்றேன். லாரி நம்பர் கேட்டாள். சொன்னேன். பேரன்கள் பெயர் கேட்டாள். சொன்னேன், இரண்டு மூன்று பெயர். அப்புறம் இவள் என்னவோ சத்தமாகச் சொல்கிறாள், எனக்குத் தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது. "ஏனுங்க! ஏனுங்க!" என்று ஒரே கத்தல். எதற்கு இப்படிக் கத்துகிறாள் என்று கண்ணைத் திறந்து பார்த்தால் கார் ஒரு காட்டுக்குள் நிற்கிறது.

கண்ணைத் திறந்து என்றால், கவனித்துப் பார்த்தால் என்று சொல்ல வந்தேன்.

கிளுவை முள்வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போயிருக்கிறது. காடு என்றால் எங்கள் பக்கம் மேட்டு நிலம், உழுது போட்டிருந்தது, அதனால் புதைந்து நின்றுவிட்டது. பத்தடி தள்ளி ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன, அவை எங்களைத் தலை நிமிர்ந்து பார்த்தன. அதற்கும் பத்தடி தள்ளிக் கிணறு. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு.

நான் முதலில் பார்த்தது பெல்ட்டைத்தான். ஒரு அங்குலம் நகரவில்லை சார்! கம்பி வளையவில்லை. இவளுக்கு ஒரு கீறல் இல்லை. "பார்த்தியா அம்மணி, பார்த்தியா!" என்றேன். இவள் பூட்டைத் திறக்கப் பார்க்கிறாள், திறக்க வரவில்லை. நான்தான் தட்டிவிட்டேன். இறங்கி நின்று என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"உங்களைத் தொட முடியலைங்க."

கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் ஆன பிறகு, அப்படியொரு நேரத்தில், ஒரு பெண்டாட்டிக்குப் புருஷனைத் தொட வேண்டும் என்றுதான் தோன்றியிருக்கிறது. நான் ஏதோ சொல்வதற்குள் வேலி முள்ளில் புடவை கிழிய ரோட்டுக்கு நடந்து போய்விட்டாள். பல்லடம் பஸ் வந்தது, கையைக் காட்டி ஏறிவிட்டாள். நான் டிராக்டர் பிடித்துக் காரை வெளியே எடுத்து வந்தேன்.

அதிலிருந்து இந்தக் காரில் ஏறவில்லை. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சோறு போடுகிறாள், பேசுகிறாள், கோயிலுக்குப் போகலாம் என்றால் "நீங்க முன்னாடி போங்க, நான் டவுன் பஸ்ல வந்துர்றேன்" என்கிறாள். நானும் அவளும் ஒரே கோயிலுக்குத் தனித்தனியாகப் போய், சாமி முன்னால் சந்தித்துக்கொண்டோம் சார். அர்ச்சகர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

என்ன தப்பு செய்தேன் என்று நான் யோசிக்காத நாள் இல்லை. அதிகமாக இறுக்கிவிட்டேனா? கம்பி ஒரு அங்குலம் தாழ்வாக இருந்திருக்குமோ? வாரின் அகலம் போதவில்லையோ? ஜெரோமைக் கூப்பிட்டுக் காட்டினேன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். வேலை சுத்தம் என்று ஒப்புக்கொண்டார். அப்புறம் ஒரு சம்பந்தமில்லாத கேள்வி கேட்டார். "ஏனுங்ணா, ரெண்டு தடவையும் மத்தியானம் விருந்து சாப்பிட்டுட்டு வர்றப்பத்தானுங்களா?"

"ஆமாங்க. சாப்பாட்டுக்கும் போல்ட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

"இல்லீங்ணா, சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். காபிகூடக் குடிக்கவில்லை.

சரி, பெல்ட்தான் பிடிக்கவில்லை போல என்று எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். அந்த ஓட்டைகள் அதுதான். கழற்றிய பிறகும் ஏறவில்லை. அப்புறம்தான் காரையே மாற்றலாம் என்று முடிவு செய்தேன். புதிய கார்களில் மோதினால் விரிகிற காற்றுப் பை ஆறு வருகிறதாம், ஓரம் விலகினால் அதுவே சத்தம் போடுமாம். இவளிடம் கேட்டேன், எந்தக் கார் உனக்குப் பிடிக்கும் என்று. "எந்தக் காரா இருந்தா என்னங்க" என்றாள். அந்த மட்டில் அவளுக்குப் பிடிவாதம் கிடையாது.

அவசரம் எதற்கு என்றால், வருகிற பதினெட்டாம் தேதி மௌனிகாவுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். வளையல் போட்டுக் கையோடு இங்கே அழைத்து வர வேண்டும். முதல் பிரசவத்துக்குப் பெண் அப்பன் வீட்டு வண்டியில்தான் வந்து இறங்க வேண்டும், எங்கள் பக்கத்தில் அப்படித்தான். என் அப்பா என் தங்கையை மாட்டு வண்டியில் கூட்டி வந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வந்தேன். நான் என் மகளைக் கூட்டி வர வேண்டாமா? இவள் சொல்கிறாள், "எம்புள்ளைய அந்தக் கார்ல ஏத்த உடமாட்டனுங்க." எம்புள்ள என்கிறாள். முந்தாநாள் மௌனிகாவே போன் செய்தாள். "அப்பா, அம்மா சொன்னாங்க. நான் அவரோட வண்டியிலயே வந்துக்கறேன், நீங்க சங்கடப்படாதீங்க." எப்படிச் சங்கடப்படாமல் இருப்பது? நான் என்ன குடிகாரனா? ஒரு நாள் சிக்னலைத் தாண்டியிருப்பேனா? இவளைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டவன் நான். அதைக் கொஞ்சமாவது நினைத்துப் பார்க்க வேண்டுமா இல்லையா? நீங்கள் ஒரு பொது மனிதர், நீங்களே சொல்லுங்கள். ஏன் அம்மணி, நான் சொல்வது சரிதானே?

அம்மணி?

சார். பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பாருங்கள். திரும்பாதீர்கள், கண்ணாடியில் பாருங்கள்.

தூங்கிவிட்டாள்.

எப்போது தூங்கினாள்? நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே வந்தேன், ஒத்துக்கொண்டுதான் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்தேன். பாருங்கள், தலையை ஜன்னல் கண்ணாடியில் சாய்த்து, வாய் கொஞ்சம் திறந்து. இரண்டு கையும் மடியில் விரிந்து கிடக்கின்றன.

இருபத்தெட்டு வருஷம் சார். பழனி போயிருக்கிறோம், ஊட்டி போயிருக்கிறோம், திருச்செந்தூர் எட்டு மணி நேரம் போயிருக்கிறோம். மகள் இவள் மடியில் தூங்குவாள். இவள் ஒரு தடவைகூட, ஒரே ஒரு தடவைகூடக் கண் மூடி நான் பார்த்ததில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பயணத்தில் தூக்கம் வராத உடம்பு என்று நினைத்திருந்தேன். பெருமையாக நாலு பேரிடம் சொல்லியும் இருக்கிறேன்.

நீங்கள் இருபது நிமிஷம் ஓட்டியிருப்பீர்கள். உங்கள் பெயர்கூட அவளுக்குத் தெரியாது.

...

என்ன? இல்லை, ஒன்றுமில்லை. ஏ.சி. தூசி, கண்ணில் விழுந்துவிட்டது.

சூலூர் வந்துவிட்டதா? திரும்ப வேண்டாம் சார். நேராகப் போங்கள், உங்களுக்கு வேலை இல்லையென்றால். ஹாரன் வேண்டாம். இதே வேகம் போதும். வேகத்தடையில் மட்டும் கொஞ்சம் பார்த்து ஏற்றுங்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கட்டுமா? உங்களுக்குத் தெரிந்த டிரைவர் யாராவது இருக்கிறாரா? பதினெட்டாம் தேதி, தாராபுரம் போய் வர. உங்களை மாதிரி மெதுவாகப் போகிறவர். வண்டி இதுவோ புதியதோ, ஏதோ ஒன்று. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து வருவேன். பெண்கள் இரண்டு பேரும் பின்னால் இருக்கட்டும்.

இருக்கிறாரா? நல்லது. இப்போது சொல்லாதீர்கள். இவள் எழுந்த பிறகு, நீங்களாகச் சொல்வதுபோல் பேச்சை எடுங்கள். நான் முதலில் கொஞ்சம் மறுத்துப் பேசுவேன். அதை நீங்கள் கண்டுகொள்ள வேண்டாம்.